ஓட்டம் இருக்கிறது, ஆள் எங்கே? சாகசத் திரைக்கதை பற்றி ஒரு பதில்

நீங்கள் எழுதியதைச் சுருக்கமாகச் சொல்லிவிட்டு ஆரம்பிக்கிறேன். மேற்குத் தொடர்ச்சி மலைக்குள் ஒரு பழைய செப்பேட்டைத் தேடிப் போகும் நான்கு பேரை வைத்து ஒரு சாகசப் படம் எழுதியிருக்கிறீர்கள். படித்த நண்பர்கள் எல்லோரும் “செம ஸ்பீடு, ஆனா ஹீரோ மனசுல நிக்கல” என்கிறார்கள். அதனால், இந்த மாதிரிப் படத்துக்கு முதலில் ப்ளாட்டை, அதாவது சம்பவங்களின் கோர்வையை, யோசிக்க வேண்டுமா, கதாபாத்திரத்தையா என்று கேட்கிறீர்கள். கூடவே, ஹீரோவுக்கு ஒரு ஃப்ளாஷ்பேக் வைத்தால் சரியாகிவிடுமா என்றும் கேட்கிறீர்கள். எது முதலில் என்பது உங்களுக்கு இப்போது தேவையே இல்லாத கேள்வி. ஸ்கிரிப்ட் கையில் இருக்கிறது, எதிலிருந்து தொடங்கினீர்கள் என்பது இனி யாருக்கும் தெரியப் போவதில்லை. நீங்கள் உண்மையில் கேட்பது வேறு என்று நினைக்கிறேன்: இத்தனை ஓட்டம், இத்தனை ஆபத்து இருந்தும், இதெல்லாம் இந்த ஒரு ஆளுக்குத்தான் நடக்க முடியும் என்ற உணர்வு ஏன் வரவில்லை?

நான் பல வருடமாகத் தமிழ்ப் படங்களின் கதை விவாதங்களில் உட்கார்ந்து வருபவன். ஆக்‌ஷனும் த்ரில்லரும்தான் அதிகம். சுத்தமான சாகசக் கதை எங்கள் மேசைக்கு வருவதே அபூர்வம், ஏனென்றால் லொகேஷனும் கிராஃபிக்ஸும் சேர்ந்து பட்ஜெட்டை எங்கேயோ கொண்டுபோய்விடும். உங்கள் ஸ்கிரிப்டையும் நான் படிக்கவில்லை. அதனால் உங்கள் கதையைப் பற்றி நான் சொல்வதெல்லாம் ஊகம். மற்ற படங்களைப் பற்றிச் சொல்வதை நீங்களே படம் பார்த்துச் சரிபார்த்துக்கொள்ளலாம்.

ப்ளாட்டா கேரக்டரா என்ற சண்டை அரிஸ்டாட்டில் காலத்திலிருந்து இருக்கிறது. கதையமைப்புதான் உயிர், குணம் அதற்கு அடுத்தது என்று அவர் சொன்னார். அவர் பேசியது துன்பியல் நாடகத்தைப் பற்றி. புதையல் தேடுகிறவர்களைப் பற்றி இல்லை. ஆனாலும் சாகசப் படம் எழுதுகிற பலர் தெரிந்தோ தெரியாமலோ அவர் கட்சிதான். முதலில் சம்பவங்கள், அப்புறம் ஆள். அது தப்பே இல்லை. இந்த வகையில் எல்லோரும் எடுத்துக்காட்டுகிற ‘ரெய்டர்ஸ் ஆஃப் த லாஸ்ட் ஆர்க்’ (1981) படமே பெரும்பாலும் அப்படித்தான் உருவானது. இண்டியானா ஜோன்ஸ் என்கிற தொல்லியல் ஆள், பைபிளில் வரும் உடன்படிக்கைப் பெட்டியை நாஜிகளுக்கு முன்னால் தேடிப் பிடிக்கப் போகிற கதை அது.

1978 ஜனவரியில் ஜார்ஜ் லூகாஸ், ஸ்டீவன் ஸ்பீல்பெர்க், திரைக்கதை எழுத வந்த லாரன்ஸ் காஸ்டன் மூவரும் சில நாள் உட்கார்ந்து கதை பேசினார்கள். அந்தப் பேச்சின் எழுத்துப் பிரதி இணையத்தில் ரொம்ப நாளாகச் சுற்றிக்கொண்டிருக்கிறது. நம்ம ஊர் டிஸ்கஷனில் உட்கார்ந்தவர்கள் படித்தால் சிரிப்பு வரும், அவ்வளவு பழக்கமான பேச்சு. பாதிப் பேச்சு, ஹீரோவை எதில் மாட்டிவிடலாம், எப்படித் தப்பிக்க வைக்கலாம் என்பதுதான். லூகாஸ் மனதில் இருந்தது சின்ன வயதில் பார்த்த பழைய தொடர்படங்கள். ஒவ்வொரு வாரமும் ஹீரோ சாகப்போகிற நேரத்தில் ‘தொடரும்’ போடுகிற வகை. அப்படி யோசித்ததில் இரண்டு பெரிய காட்சிகள் முதல் படத்தில் இடம் கிடைக்காமல் வெளியே போயின: விமானத்திலிருந்து ரப்பர் படகோடு குதிப்பது, சுரங்கத் தண்டவாள வண்டிகளில் துரத்தல். 1984-ல் வந்த அடுத்த இண்டியானா ஜோன்ஸ் படத்தில் இரண்டையும் அப்படியே வைத்துக்கொண்டார்கள். அங்கேயும் நன்றாகவே வேலை செய்தன.

இங்கே கொஞ்சம் நிற்க வேண்டும். ஒரு படத்துக்காக யோசித்த காட்சியை அலுங்காமல் கழற்றி இன்னொரு படத்தில் மாட்ட முடிகிறது என்றால், அந்தக் காட்சியில் ஆள் இல்லை என்று அர்த்தம். அதில் குறை ஒன்றும் இல்லை. சாகசப் படத்தில் அப்படிப்பட்ட காட்சிகள் வேண்டும், அவற்றுக்குத்தான் டிக்கெட் விற்கிறது. ஆனால் படம் முழுக்க அப்படியே இருந்தால் உங்கள் நண்பர்கள் சொன்னதுதான் நடக்கும். முதல் படத்தில் வேறு எந்தப் படத்துக்கும் நகர்த்த முடியாத சில காட்சிகள் இருக்கின்றன. அவைதான் இண்டியானா ஜோன்ஸை நம் மனதில் நிறுத்துகின்றன. அவற்றில் பெரிய ஆக்‌ஷன் எதுவும் கிடையாது என்பது கவனிக்க வேண்டிய விஷயம்.

எனக்குப் பிடித்தது கூடாரக் காட்சி. தன் பழைய காதலி மேரியன் லாரி வெடித்துச் செத்துவிட்டாள் என்று இண்டி நினைத்துக்கொண்டிருக்கிறான். நாஜிகளின் தோண்டுமிடத்தில் ஒளிந்துகொள்ள ஒரு கூடாரத்துக்குள் நுழைந்தால், அவள் கட்டிப்போட்ட நிலையில் உயிரோடு இருக்கிறாள். கட்டை அவிழ்க்க ஆரம்பிக்கிறான். பாதியில் நிறுத்துகிறான். இவளைக் காணவில்லை என்று தெரிந்தால் இடம் முழுக்கச் சல்லடை போடுவார்கள், உடன்படிக்கைப் பெட்டி கைவிட்டுப் போய்விடும். வாயை மறுபடி கட்டிவிட்டு, அவள் கத்தக் கத்த, போய்விடுகிறான். பார்ப்பவர்கள் சிரிப்பார்கள். சிரிப்புக்குள்ளே ஒன்றைத் தெரிந்துகொள்கிறார்கள்: இந்த ஆளுக்கு அந்தப் பெட்டி எவ்வளவு முக்கியம் என்று. இதை எந்த வசனத்தாலும் சொல்லியிருக்க முடியாது. இதற்குக் கொஞ்சம் முன்னால் வில்லன் பெலோக் ஒரு மதுக்கடையில் உட்கார்ந்து, நீயும் நானும் ஒரே ஜாதி, லேசாகத் தள்ளினால் போதும், நீ நானாகிவிடுவாய் என்கிற மாதிரிச் சொல்லியிருப்பான். கூடாரத்தில் இண்டி செய்வது அதற்குச் சாட்சி.

பிறகு கடைசிப் பகுதியில் ஒரு பள்ளத்தாக்கின் மேல் நின்று, மேரியனை விடு, இல்லையென்றால் பெட்டியை வெடித்துத் தகர்ப்பேன் என்று மிரட்டுகிறான். பெலோக் அசரவில்லை. சரி, தகர்த்துக்கொள், ஆனால் திறந்து பார்க்க உனக்கும் ஆசைதானே என்கிறான். இண்டி ஆயுதத்தை இறக்கிவிடுகிறான். ஹீரோ அங்கே தோற்பது எதிரியின் பலத்தால் என்று சொல்ல முடியாது. தன் ஆசையால் தோற்கிறான். அதற்கு அடுத்த கட்டத்தில் பெட்டியைத் திறக்கும்போது அவன் மேரியனிடம் கண்ணை மூடிக்கொள், என்ன நடந்தாலும் பார்க்காதே என்கிறான். மந்திர தந்திரத்தை நம்புகிறவன் இல்லை நான் என்று படத்தின் ஆரம்பத்தில் சொன்ன அதே ஆள்! பார்த்தே தீர வேண்டும் என்று இருந்தவன் பார்க்காமல் இருக்க முடிவெடுக்கிறான். பார்க்கக் கூடாது என்பது அவனுக்கு எப்படித் தெரிந்தது என்று படம் வெளிப்படையாகச் சொல்வதில்லை. அது ஒரு ஓட்டைதான். ஆனால் திரையரங்கில் யாரும் அதைக் கேட்பதில்லை, ஏனென்றால் குணத்தின் கணக்கு அங்கே சரியாக நேராகிவிடுகிறது.

மூன்று இடத்திலும் பொதுவாக இருப்பது, ஆள் இரண்டில் ஒன்றை விட்டுக்கொடுத்தாக வேண்டிய நெருக்கடி. இது மட்டும் எனக்கு நிச்சயம்: சாகசப் படத்தில் குணம் என்பது நெருக்கடியில் எடுக்கிற தேர்வு. ஓடுவது, குதிப்பது, தப்பிப்பது எதுவும் தேர்வு ஆகாது. புலி துரத்தினால் நீங்களும் ஓடுவீர்கள், நானும் ஓடுவேன். அதிலிருந்து நம் இருவருக்கும் என்ன வித்தியாசம் என்று யாராலும் சொல்ல முடியாது. ப்ளாட்டின் வேலை ஆளை ஓட வைப்பது மட்டும் என்றால் கதாபாத்திரம் வராது. நடுநடுவே, எதையாவது இழந்தால்தான் மேலே போகலாம் என்ற இடத்தில் கொண்டுபோய் நிறுத்த வேண்டும்.

இந்தப் படத்தைப் பற்றி ஒரு கிண்டல் உண்டு, நீங்களும் கேட்டிருப்பீர்கள். இண்டி இல்லாமலே இருந்திருந்தாலும் நாஜிகள் பெட்டியைக் கண்டுபிடித்து, திறந்து, அதே மாதிரி செத்திருப்பார்கள். ஹீரோவால் கதையில் ஒன்றும் மாறவில்லை என்பது. ஒரு அமெரிக்க டிவி நகைச்சுவைத் தொடரால் இது ரொம்பப் பிரபலமாயிற்று. முடிவை மட்டும் வைத்துப் பார்த்தால் இந்த வாதத்தில் நியாயம் இருக்கிறது. அவன் இல்லையென்றால் மேரியன் உயிரோடு இருந்திருப்பாளா, பெட்டி அமெரிக்கர்கள் கைக்கு வந்திருக்குமா என்று எதிர்வாதமும் செய்யலாம். யார் சொல்வது சரி என்று தீர்ப்புச் சொல்ல நான் தயாராக இல்லை. எனக்கு இதில் தெரிவது வேறு ஒன்று. இத்தனை கோடிப் பேர் பார்த்தும் பல வருடம் இந்தக் கேள்வி பெரிதாக எழவில்லையே! பார்வையாளர்கள் பெட்டி என்ன ஆகும் என்பதைவிட, இந்த ஆள் அடுத்து என்ன செய்வான் என்பதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்கள் என்று எடுத்துக்கொள்கிறேன்.

அடுத்து, தடைகள். ஹீரோவுக்குப் பாம்பு என்றால் பயம் என்று முதல் பத்துப் பதினைந்து நிமிடத்தில் காட்டிவிட்டு, பிறகு பெட்டி இருக்கிற நிலவறை முழுக்கப் பாம்பை நிரப்பி வைக்கிறார்கள். எல்லாப் பயிற்சி வகுப்பிலும் இதைத்தான் உதாரணமாகச் சொல்வார்கள். நல்ல உத்திதான், ஆனால் இது மேலோட்டமான பொருத்தம். ஒரு பயத்தைக் கொடுத்து அதற்கேற்ற தடையை வைப்பது தையற்காரர் அளவெடுக்காமல் ரெடிமேட் சட்டையில் பெயர் பொறித்துக் கொடுப்பது மாதிரி. பாம்புக்குப் பதில் உயரம், உயரத்துக்குப் பதில் தண்ணீர் என்று எதையும் மாற்றிக்கொள்ளலாம். ஆசையோடு மோதுகிற தடைக்கு மாற்று கிடைப்பது கஷ்டம். உங்கள் ஸ்கிரிப்டில் ஹீரோவுக்கு ஒரு பயம் வைத்திருந்தால் இருக்கட்டும். அதை வைத்துக் கேரக்டர் வேலை முடிந்துவிட்டது என்று மட்டும் நினைக்க வேண்டாம்.

கெய்ரோ சந்தையில் வாளைச் சுழற்றி வித்தை காட்டுகிறவனை இண்டி துப்பாக்கியை எடுத்து ஒரே குண்டில் சுட்டுவிடுகிற காட்சி எல்லோருக்கும் நினைவிருக்கும். அங்கே முதலில் எழுதியிருந்தது சாட்டைக்கும் வாளுக்கும் நீளமான சண்டை. துனீசியாவில் படப்பிடிப்பு, ஹாரிசன் ஃபோர்டுக்கு வயிற்றுப்போக்கு, நிற்கவே முடியாத நிலை. சீக்கிரம் முடித்துவிடலாம் என்று இப்படி மாற்றினார்கள். நீளமான சண்டையை விட இதில் ஆள் அதிகம் தெரிகிறான்: மேரியனைக் காணாத பதற்றம், அலுப்பு, நியாயச் சண்டை போட நேரமில்லாத மனம். ஹீரோ வித்தை காட்டுவதைக் குறைத்தால் குணம் கூடும் என்று இதிலிருந்து ஒரு விதி செய்ய எனக்கு ஆசைதான். ஒரு உதாரணத்தை வைத்து விதி செய்வது சரியில்லை என்பதால் விட்டுவிடுகிறேன்.

உங்கள் கதையில் நான்கு பேர் என்றீர்கள். அதற்கு இண்டியானா ஜோன்ஸைவிட உதவக்கூடிய படம், ஜான் ஹ்யூஸ்டன் எழுதி இயக்கிய ‘த ட்ரஷர் ஆஃப் த சியரா மாட்ரே’ (1948). மெக்சிகோவில் தங்கம் தேடிப் போகிற மூன்று பேர். கிழவர் ஹோவர்ட், இளைஞன் கர்ட்டின், ஹம்ஃப்ரி போகார்ட் நடித்த டாப்ஸ். மூவருக்கும் ஒரே ப்ளாட், ஒரே மலை, ஒரே தங்கம். கிளம்புவதற்கு முன்பே கிழவர் சொல்லிவிடுகிறார், தங்கம் மனிதனை என்ன செய்யும் என்று. என்னிடம் அது நடக்காது, போதுமான அளவு கிடைத்தால் நிறுத்திவிடுவேன் என்று டாப்ஸ் சொல்கிறான். அவன் சொன்னது ஒவ்வொன்றாகப் பொய்யாவதுதான் மீதிப் படம். தங்கம் சேரச் சேரப் பக்கத்தில் படுத்திருப்பவர்களையே சந்தேகப்படுகிறான்.

அதில் ஒரு இடத்தில் சுரங்கம் இடிந்து டாப்ஸ் உள்ளே மாட்டிக்கொள்கிறான். வெளியே கர்ட்டின் மட்டும்தான். காப்பாற்ற ஓடுகிறவன் ஒரு கணம் நிற்கிறான். இவன் செத்தால் பங்கு கூடும். அந்த எண்ணம் முகத்தில் வந்து போகிறது. அப்புறம் உள்ளே போய் இழுத்துக்கொண்டு வருகிறான். வசனமே கிடையாது. சுரங்கம் இடிவது எந்தப் படத்திலும் வரும். அந்த ஒரு கணத் தயக்கம்தான் கர்ட்டினைக் கர்ட்டினாக ஆக்குகிறது. அதே நிலையில் டாப்ஸ் வெளியே இருந்திருந்தால் என்ன செய்திருப்பான் என்று நாமே மனதில் ஓட்டிப் பார்க்கிறோம். உங்கள் நால்வருக்கும் இந்த மாதிரி ஒரே நெருக்கடியைக் கொடுத்துப் பாருங்கள். நாலு பேரும் ஒரே முடிவை எடுப்பார்கள் என்று தோன்றினால் உங்களிடம் இருப்பது ஒரே கதாபாத்திரம்தான், சட்டை மட்டும் நாலு.

ஹீரோ கடைசியில் மாறியே ஆக வேண்டுமா என்று நீங்கள் நேரடியாகக் கேட்கவில்லை, ஆனால் ‘ஆர்க் இல்லை என்கிறார்கள்’ என்று ஒரு வரி எழுதியிருந்தீர்கள் (கதைப்போக்கில் ஆள் மாறுவதைத்தான் ஆர்க் என்கிறார்கள்). இதில் புத்தகங்கள் சொல்கிற அளவுக்கு எனக்கு உறுதி இல்லை. மாற்றம் இருந்தால் முடிவுக்குக் கனம் வரும், அது சரி. ஆனால் மாறாத ஆட்களை வைத்தும் சாகசக் கதை அருமையாக ஓடியிருக்கிறது. நமக்கு எல்லோருக்கும் தெரிந்த வந்தியத்தேவனையே எடுத்துக்கொள்ளுங்கள். 1950-களின் முதல் பாதியில் கல்கி வாராவாரம் எழுதிய ‘பொன்னியின் செல்வன்’ தொடர், ஐந்து பாகம். லூகாஸ் பார்த்த தொடர்படங்களுக்கு இருந்த அதே கட்டாயம் கல்கிக்கும் இருந்தது: வாசகர் அடுத்த வாரமும் வர வேண்டும். வந்தியத்தேவன் கொஞ்சம் பக்குவப்படுகிறான், அவ்வளவுதான். துடுக்கும், எதிலும் மூக்கை நுழைக்கிற ஆர்வமும் கடைசி வரை போகவில்லை.

ஆனால் அந்தக் குணம்தான் கதையை நகர்த்துகிறது. கடம்பூர் மாளிகையில் இரவு தூங்கியிருந்தால் சிற்றரசர்களின் சதியை அவன் கேட்டிருக்கவே மாட்டான். நந்தினியின் பல்லக்கின் மேல் தன் குதிரையை மோதவிட்டு, பல்லக்கு வந்து குதிரையை இடிக்கிறது என்று கூச்சல் போட்டிருக்காவிட்டால் பனை இலச்சினை மோதிரம் கிடைத்திருக்காது, தஞ்சைக் கோட்டைக்குள் போயிருக்க முடியாது. ஓலை கொண்டுபோகிற வேலையை ஓர் ஒழுங்கான, வாயடக்கமான வீரனிடம் கொடுத்திருந்தால் ஓலை போய்ச் சேர்ந்ததோடு கதை அன்றைக்கே முடிந்திருக்கும். மாறாத ஹீரோவை வைத்து எழுதுவதென்றால் இது தேவை: அவன் மாறாமல் இருப்பதே சிக்கலை உண்டாக்கவும் வேண்டும், சிக்கலை அவிழ்க்கவும் வேண்டும்.

இதையே ஒரு சோதனையாகச் செய்யலாம். உங்கள் சீன் ஆர்டரை எடுத்துக்கொண்டு, ஹீரோவைத் தூக்கிவிட்டு அந்த இடத்தில் நான்கு பேரில் இன்னொருவரை வைத்துப் படியுங்கள். எத்தனை சீன் கொஞ்சமும் மாறாமல் ஓடுகிறது என்று பாருங்கள். சில சீன் அப்படி ஓடலாம், முன்பே சொன்னது போல ரப்பர் படகு மாதிரிக் காட்சிகளும் வேண்டும். கதை திரும்புகிற இடங்கள், அதாவது அவர்கள் கிளம்ப முடிவெடுப்பது, இன்டர்வெல் பிளாக், கடைசியில் செப்பேடு கைக்கு வருகிற இடம், இவை யாரை வைத்தாலும் ஓடினால் அங்கேதான் வேலை இருக்கிறது.

இப்போது ஃப்ளாஷ்பேக். வைக்காதீர்கள் என்றுதான் சொல்வேன், குறைந்தது இந்தக் காரணத்துக்காக வைக்காதீர்கள். அப்பா தொல்லியல் துறையில் இருந்தார், அவமானப்பட்டார், மகன் நிரூபிக்கப் போகிறான் என்று வைத்தால் ஹீரோ ஏன் போகிறான் என்பது தெரியும். அவன் எப்படிப்பட்டவன் என்பது தெரியாது. அவமானப்பட்ட அப்பாவின் மகன் கோழையாகவும் இருக்கலாம், அயோக்கியனாகவும் இருக்கலாம். மறுபடி அந்த 1981 படத்துக்கே போனால், இண்டிக்கும் மேரியனுக்கும் பத்து வருடப் பழைய கதை ஒன்று உண்டு, அதுவும் அவனுக்குப் பெருமை சேர்க்காத கதை. ஃப்ளாஷ்பேக்கே கிடையாது. நேபாளத்தில் அவள் மதுக்கடையில் அவனைப் பார்த்ததும் முதல் வேலையாக முகத்தில் ஒரு குத்து. அப்புறம் சண்டைக்கு நடுவே பாதியும் குறையுமாகப் பழசு வெளியே வருகிறது. அவளிடம் இருக்கிற பதக்கம் அவனுக்கு வேண்டும், அதனால் அவன் கேட்டுக்கொண்டுதான் ஆக வேண்டும். பழைய கதை சொல்ல இதைவிட நல்ல வழி எனக்குத் தெரியவில்லை: சொல்கிறவருக்குக் கோபம், கேட்கிறவருக்கு அவசரம். நம்ம படங்களில் ஃப்ளாஷ்பேக் இருபது நிமிடம் ஓடுவதற்கு வியாபாரக் காரணங்கள் வேறு இருக்கின்றன, ஒரு பாட்டு, ஒரு பெரிய நடிகர் தோற்றம் என்று. தயாரிப்பாளர் கேட்டால் அப்போது பார்த்துக்கொள்ளலாம்.

உங்கள் கதைக்கு ஒரு யோசனை, வேண்டாமென்றால் தள்ளிவிடுங்கள். செப்பேடு என்றதும் எனக்குத் தோன்றியது இதுதான். உங்கள் ஹீரோ தனக்கு வட்டெழுத்து என்கிற பழைய தமிழ் எழுத்தைப் படிக்கத் தெரியும் என்று சொல்லித்தான் குழுவில் சேர்ந்திருக்கிறான் என்று வையுங்கள். உண்மையில் அவனுக்குத் தெரிந்தது அரைகுறை. சின்னப் பொய், ஒரு வாய்ப்புக்காகச் சொன்னது. காட்டுக்குள் ஒரு பாறையில் வெட்டியிருக்கும் எழுத்தைப் படித்துத்தான் எந்தப் பக்கம் போவது என்று முடிவெடுக்க வேண்டும். உண்மையைச் சொன்னால் மரியாதை போகும், பயணம் அங்கேயே முடியலாம். சொல்லாமல் ஊகித்துப் பக்கம் காட்டினால் மூன்று உயிர். அவன் ஊகிக்கிறான். ஊகம் முதல் தடவை சரியாகப் போய்விடுகிறது, அதுதான் இன்னும் மோசம். இன்டர்வெலுக்கு முன்னால் இரண்டாவது ஊகம் தப்பாகிவிடுகிறது. இதே மலை, இதே பள்ளம், இதே மழை. நீங்கள் எழுதிய ஆபத்துகளில் ஒன்றைக்கூட எடுக்க வேண்டாம், ஆனால் ஒவ்வொன்றும் இனி அவன் சொன்ன பொய்யிலிருந்து வரும். க்ளைமாக்ஸில் செப்பேடு கைக்கு வரும்போது அதை அவனால் படிக்க முடியாது. பக்கத்தில் இருப்பவர்கள் அவன் முகத்தைப் பார்த்துக்கொண்டிருப்பார்கள்.

இந்த மாதிரி ஒரு மாற்றம் செய்தால் ஸ்பீடு கொஞ்சம் குறையும், அதையும் சொல்லிவிட வேண்டும். தயங்குகிற இடத்துக்கு நேரம் வேண்டும், சுரங்கத்துக்கு வெளியே கர்ட்டின் நிற்கிற கணம் மாதிரி. ஆக்‌ஷன் சீன்களில் எதையாவது வெட்டித்தான் அந்த நேரத்தை எடுக்க முடியும். எதை வெட்டுவது என்று குழம்பினால், ஹீரோவை மாற்றி வைத்தும் அச்சுப் பிசகாமல் ஓடின சீன்களின் பட்டியல் கையில் இருக்குமே, அதில் பிடிக்காததிலிருந்து ஆரம்பியுங்கள். திருத்தி எழுதிய பிறகு முதலில் படித்த அதே நண்பர்களிடம் கொடுக்காதீர்கள். அவர்களுக்குக் கதை தெரியும், அதனால் ஹீரோவையும் தெரிந்த மாதிரியே இருக்கும். புதிதாக இரண்டு பேரைப் பிடியுங்கள். கதை எப்படி இருக்கிறது என்று கேட்க வேண்டாம். இன்டர்வெல் வரை படிக்கக் கொடுத்துவிட்டு, அடுத்து இவன் என்ன செய்வான் என்று மட்டும் கேளுங்கள்.